தடயவியலால் துப்பறியும் சூப்பர்ஹீரோ கதை எழுதுவது எப்படி? முதல் தடயத்திலிருந்து நீதிமன்றம் வரை முழுமையான வழிகாட்டி

சூப்பர்ஹீரோவையும் தடயவியலையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். நாயகன் கொலை நடந்த அறைக்குள் வருகிறான், ஒரு நொடி கண்ணை மூடுகிறான், யார் செய்தது என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மைக்ரோஸ்கோப், சோதனைக் குழாய், வெள்ளைக் கோட்டு எல்லாம் வெறும் மேடை அலங்காரம். இன்னொரு வகைக் கதையில் ஆய்வகம் எல்லாவற்றையும் செய்துவிடும், பறக்கத் தெரிந்த நாயகன் ஓரமாக நின்று ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பான்.

இத்தனைக்கும் இரண்டுக்கும் பழைய உறவு உண்டு. 1939-ல் பேட்மேன் முதன்முதலில் தோன்றியது துப்பறியும் கதைகளுக்கென்றே வந்த ஒரு காமிக்ஸ் இதழில்தான். 1956-ல் வந்த பேரி ஆலன், அதாவது 'ஃப்ளாஷ்' என்ற சூப்பர்ஹீரோ, மின்னல் வேகத்தில் ஓடுவதற்கு முன்பே காவல்துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. ஆக, இந்தக் கலவை வேலை செய்யும். எப்படிச் செய்யவைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கூடவே ஒரு மாதிரிக் கதையைக் கட்டிக்கொண்டே போகலாம், ஏனென்றால் இந்த விஷயத்தைப் பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது.

படி 1: ஒரு கருவியால் செய்ய முடிகிற வேலையைச் சக்தியாகக் கொடுங்கள்

பாதிக் கதை இங்கேயே முடிவாகிவிடுகிறது. மனதைப் படிக்கும் சக்தி, பொருளைத் தொட்டால் பழைய காட்சி தெரியும் சக்தி, இரண்டும் வேண்டாம். அவை இருந்தால் தடயத்துக்கு வேலையே இல்லை. இதயத் துடிப்பைக் கேட்டே பொய்யைக் கண்டுபிடிக்கும் சக்தியும் கிட்டத்தட்ட அதே ஆபத்துதான், பயந்த நிரபராதிக்கும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்பதை நீங்கள் கதையில் மறக்காமல் இருந்தால் மட்டும் அதைத் தொடலாம்.

நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதி ஒன்றே ஒன்று. நாயகி தன் சக்தியால் எதைக் காண்கிறாளோ, அதை அந்தச் சக்தி இல்லாத ஒருவர் ஒரு கருவியை வைத்துக்கொண்டு திரும்பவும் காண முடிய வேண்டும். சக்தி எங்கே தேட வேண்டும் என்று காட்டட்டும். நிரூபிப்பது ஆய்வகத்தின் வேலை.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. சீனாவில் 1247-ல் சோங் சி என்ற நீதிபதி எழுதிவைத்த ஒரு வழக்கு இருக்கிறது. ஒருவனை அரிவாளால் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஊரில் உள்ள எல்லோரையும் அவரவர் அரிவாளைக் கொண்டுவந்து தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். வெயில் காலம். ஈக்கள் வந்து ஒரே ஒரு அரிவாளை மட்டும் மொய்த்தன. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஈயின் மூக்குக்குத் தெரிந்தது. அந்த ஈக்கள்தான் உங்கள் சூப்பர்ஹீரோ. அதே சமயம் ஈ மொய்த்ததை ஊரே கண்ணால் பார்த்தது, யாரும் அதிகாரியின் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியிருக்கவில்லை. அரிவாளுக்குச் சொந்தக்காரன் ஒப்புக்கொண்டான்.

சரி, நம் மாதிரிக் கதைக்கு நாயகியின் பெயர் நிலா என்று வைப்போம். அவளுக்கு ஒரே சக்தி: அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும். பறப்பதும் இல்லை, சுவரை உடைப்பதும் இல்லை. ஏன் அகச்சிவப்பு? பல கறுப்புச் சாயங்கள் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. நமக்குக் கறுப்பாகத் தெரியும் துணி அவளுக்கு வெளுத்துத் தெரியும், அதன் மேல் காய்ந்த ரத்தம் இருந்தால் அது மட்டும் கறையாக நிற்கும். அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்து இதையே தடயவியல் ஆய்வாளர்கள் செய்கிறார்கள். துப்பாக்கிச் சூட்டில் கறுப்புச் சட்டையில் படியும் புகைக்கரி, வேறொரு மையால் அடித்து மறைக்கப்பட்ட எழுத்து, இவையும் அதே வழியில் வெளியே வருவதுண்டு. ஒரே சக்தியில் மூன்று நாலு கதைக்குப் பொருள் இருக்கிறது பாருங்கள்.

அவளுக்கு எது தெரியாது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். கைரேகை தெரியாது. டிஎன்ஏ தெரியாது. எல்லாக் கறுப்புத் துணியும் வெளுக்காது. இருபதாம் பக்கத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ளும்போது புதிதாக ஒரு சக்தியைக் கொடுத்துத் தப்பிக்கத் தோன்றும், அந்த நேரத்தில் இந்தக் காகிதம் உங்களைத் தடுக்கும்.

படி 2: குற்றத்தை முதலில், கடிகாரத்தோடு எழுதுங்கள்

நாயகியை மறந்துவிட்டுக் குற்றவாளியோடு நடந்து போங்கள். மணி வாரியாக. இது கதையில் வரப்போவதில்லை, உங்களுக்கு மட்டும்.

நம் கதை இது. பழைய நாடக அரங்கு ஒன்று. அதன் மேலாளரும் பங்குதாரரும் மாலையில் எல்லோர் முன்னிலையிலும் சண்டை போடுகிறார்கள். இரவு 8 மணிக்கு மேல்மாடி அறையில் பங்குதாரர் அவரைக் கனமான பொருளால் இரண்டு முறை அடிக்கிறார். மேலாளர் மல்லாந்து விழுந்து இறக்கிறார். பங்குதாரர் 8:30-க்கு வெளியே போவதைப் பலர் பார்க்கிறார்கள். பிரச்சினை இப்போதுதான் அவருக்கு உறைக்கிறது: மேலாளரைக் கடைசியாகச் சந்தித்தவர் தான்தான். மேலாளர் காலை வரை உயிரோடு இருந்ததாக உலகம் நம்ப வேண்டும். காலை 5 மணிக்குத் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறார், சுவரைத் துடைக்கிறார், உடலை இழுத்துவந்து படிக்கட்டின் கீழே குப்புறப் போடுகிறார், பின்கதவுக் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுகிறார். கண்ணாடி உடைந்த சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிறது. உலகம் நம்ப வேண்டும் என்று அவர் நினைக்கும் கதை இது: விடிகாலையில் திருடன் வந்தான், மேலாளர் இறங்கி ஓடிவந்தார், படியில் உருண்டார். 7 மணிக்கு உடலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்படி எழுதிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்தச் செயல் எதை விட்டுச் சென்றது, எதை எடுத்துச் சென்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1910-ல் பிரான்சின் லியோன் நகரில் குற்றவியல் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகார் வலியுறுத்தியதும் இதுதான்: இரண்டு பொருட்கள் தொட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் ஏதாவது இடம் மாறும். எடுத்துச் சென்றதைத்தான் புதிதாக எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பங்குதாரரின் கம்பளிச் சட்டையில் கண்ணாடித் துகள் இருக்கும். அது பிறகு வேலைக்கு ஆகும்.

படி 3: நாயகி உள்ளே வரும் காட்சி

பெரும்பாலான கதைகள் இங்கேதான் கெடுகின்றன. கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிக்கிற நாயகன் எத்தனை தடயத்தை அழிக்கிறான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவன் இறங்கும் காற்றில் முடியும் நாரும் பறந்துபோகும். அவன் காலணி தரையில் இருந்த காலடித் தடத்தின் மேல் விழும். அப்புறம் அந்த மேலங்கி! நீளமான, தரையில் உரசுகிற துணியைவிட நார் உதிர்க்கவும் நார் வாங்கவும் பொருத்தமான பொருள் கிடையாது. ஒரு கொலை இடத்திலிருந்து அடுத்த கொலை இடத்துக்குத் தடயத்தைச் சுமந்து செல்லும் துடைப்பம் அது.

ஆகவே நிலாவை வாசலிலேயே நிறுத்துங்கள். முடியை மூடச் சொல்லுங்கள், இரண்டு அடுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி உறை. சூப்பர்ஹீரோ உடையின் மேல் ஒரு வெள்ளைப் பாதுகாப்பு உடை. பார்ப்பதற்குக் கம்பீரம் குறைந்துவிடுமே என்று தயங்காதீர்கள். பலம் உள்ள ஒருத்தி தன்னை இவ்வளவு கட்டுப்படுத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் வாசகருக்கு அவள் மேல் மதிப்பு கூடும்.

வரிசை இதுதான்: எதையும் தொடாமல் சுற்றிப் பார்ப்பது, புகைப்படம், அளவுகோலோடு நெருக்கமான புகைப்படம், வரைபடம், அதன் பிறகு எடுப்பது. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வாசலில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பதிவேட்டில் நிலாவின் பெயர் என்னவென்று எழுதுவது? இந்தக் கேள்வியை அங்கேயே விதைத்துவிடுங்கள், கடைசியில் அறுவடை செய்யலாம்.

படி 4: உடல் சொல்லும் நேரம்

திரையில் வரும் மருத்துவர் உடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இரவு 8:10" என்பார். நிஜத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. உடல் சூடு இறங்கும் வேகம் அறையின் வெப்பம், போட்டிருக்கும் துணி, உடல் பருமன் எல்லாவற்றையும் பொறுத்தது. மருத்துவர் ஒரு இடைவெளியைத்தான் தருவார், மாலை 6 முதல் இரவு 11 வரை என்பதுபோல. எழுத்தாளருக்கு இது வரம். இடைவெளி என்றால் சந்தேகம், சந்தேகம் என்றால் கதை.

நம் கதையில் உண்மையை உடைப்பது இரண்டு விஷயங்கள். முதலாவது, உடலில் ரத்தம் தேங்கும் நிறம். இதயம் நின்றதும் ரத்தம் புவியீர்ப்பால் கீழ்ப்பக்கம் இறங்கும், அந்தப் பகுதித் தோல் ஊதா கலந்த சிவப்பாக மாறும். தொடங்குவது அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். முதல் சில மணி நேரம் உடலைப் புரட்டினால் நிறமும் இடம் மாறும். ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும், அதன் பிறகு புரட்டினாலும் பழைய இடத்திலேயே இருக்கும். மேலாளர் குப்புறக் கிடக்கிறார், ஆனால் நிறம் முதுகில் இருக்கிறது. தோள்பட்டை எலும்பும் பிட்டமும் தரையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளுத்திருக்கின்றன. இவர் நீண்ட நேரம் சமமான தரையில் மல்லாந்து கிடந்திருக்கிறார்.

இரண்டாவது, மரண விறைப்பு. தாடை, கழுத்து போன்ற இடங்களில் சில மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். இங்கே ஒரு காட்சியை நெருக்கமாகக் காட்டுங்கள். மேலாளரின் வலது முன்கை தரையைத் தொடவில்லை. முழங்கை மடிந்து, விரல்கள் தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நிற்கின்றன, கண்ணுக்குத் தெரியாத நாற்காலிக் கையில் சாய்ந்திருப்பதுபோல. இப்போதுதான் படியில் உருண்டவரின் கை தொப்பென்று தரையில் விழுந்திருக்கும். வேறெங்கோ, வேறு நிலையில் விறைத்த கை இது. இதைக் கவனிக்க எந்தச் சக்தியும் வேண்டாம். அதனால்தான் இதை நிலாவுக்குக் கொடுக்காமல், அங்கே நிற்கும் ஒரு புது தடயவியல் ஆய்வாளருக்குக் கொடுக்கச் சொல்வேன். சூப்பர்ஹீரோ இருக்கும் அறையில் சாதாரணக் கண்ணும் ஜெயிக்க வேண்டும்.

படி 5: ரத்தம், இந்தக் கதையின் இதயம்

உடல் வேறு இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து? நிலா மேலே போகிறாள். மேல்மாடி அறை சுத்தமாக இருக்கிறது, துடைத்த சுவர், மடித்து வைத்த மேடைத் திரை. மற்றவர்களுக்கு அது கறுப்புத் துணி. அவளுக்கு அது சாம்பல் பூத்த வெள்ளையாக விரிகிறது, அதன் நடுவில் கறுப்பாக ஒரு விசிறி போலப் புள்ளிகள்.

இந்த இடத்தில் அவள் "ரத்தம்" என்று சொல்லக் கூடாது. "கறை இருக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். அகச்சிவப்பில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தம் என்று ஆகாது. இந்த ஒரு சொல் வித்தியாசம்தான் கதையின் நேர்மை.

அடுத்து ஆய்வாளர், அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நீக்கப்பட்ட கேமராவால் திரையைப் படம் எடுக்கிறார். நிலா பார்த்ததை இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். அப்புறம் கறை ரத்தமாக இருக்குமா என்று பார்க்கும் காஸில்-மேயர் சோதனை. இதை ஒரே வரியில் தாண்டாதீர்கள், இதில் நல்ல நாடகம் இருக்கிறது. பஞ்சுக் குச்சியால் கறையைத் தொட்டு எடுக்கிறார். ஒரு சொட்டு ஆல்கஹால். அடுத்து ஃபீனால்ஃப்தலின் கரைசல் ஒரு சொட்டு. இப்போதே நிறம் மாறினால் அது ரத்தத்தின் வேலை அல்ல, வேறு ஏதோ வேதிப்பொருள் குழப்புகிறது. மாறவில்லை. மூன்றாவதாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் பஞ்சு நுனி பளிச்சென்ற இளஞ்சிவப்பாகிறது. வெகு நேரம் கழித்து மாறினால் அதற்கு மதிப்பில்லை, காற்றிலேயே அந்தக் கரைசல் மெல்ல நிறம் மாறிவிடும். அந்த மூன்று சொட்டுக்கும் இடையில் அறையில் யாரும் பேசுவதில்லை என்று எழுதுங்கள், போதும்.

இதுவும் முடிவான பதில் இல்லை. சில தாவரச் சாறுகளும் உலோக உப்புகளும் இதே சோதனையில் நிறம் காட்டும். ரத்தமாக இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். மனித ரத்தமா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு முதலில் வழி கண்டவர் ஜெர்மனியின் பால் ஊலன்ஹூத், 1901-ல். அதே ஆண்டில் கைதான ஒரு தச்சன், தன் துணியில் இருப்பது மரச்சாயம் என்று சாதித்தான். ஊலன்ஹூத்தின் சோதனை, அதில் மனித ரத்தமும் ஆட்டு ரத்தமும் இருப்பதைக் காட்டியது. உங்கள் வில்லனும் இப்படி ஏதாவது சொல்லட்டும். நாடக அரங்கு அல்லவா, மேடைக்கான போலி ரத்தம் என்று சொல்ல அவனுக்கு அருமையான வாய்ப்பு இருக்கிறது.

ரத்தம் பட்ட இடத்தை ஒளிரவைக்கும் லூமினால் கரைசல் எல்லோருக்கும் பிடித்த காட்சி, அறை இருட்டில் நீலமாக ஒளிரும். பயன்படுத்துங்கள், ஆனால் கடைசியாக. அது திரவம், தெளித்தால் கறையை மேலும் நீர்க்கவைக்கும், ஒளி கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், கேமராவை முன்கூட்டியே தாங்கியில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ப்ளீச் போட்டுத் துடைத்த இடமும் ஒளிரும். துடைத்த சுவர் முழுதும் நீலமாக எரியும்போது அது ரத்தமா ப்ளீச்சா என்று ஆய்வாளர் தடுமாறுவதை நீங்கள் தாராளமாக எழுதலாம்.

தெறித்த கறையின் வடிவத்திலிருந்து, ரத்தத் துளி எந்தக் கோணத்தில் வந்து மோதியது என்று கண்டுபிடிப்பதும் எளிமையான கணக்குதான். நீள்வட்டக் கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது மோதிய கோணத்தின் சைன் மதிப்பு. சுவரின் அடிப்பட்டியில் பங்குதாரர் துடைக்கத் தவறிய ஒரு கறை, அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 6 மில்லிமீட்டர். வகுத்தால் 0.5, கோணம் 30 பாகை. இந்தக் கணக்கைத் திரைத் துணியில் போடாதீர்கள், துணி ரத்தத்தை உறிஞ்சி வடிவத்தைக் கெடுத்துவிடும், வழவழப்பான பரப்புதான் வேண்டும். பொதுவாக முதல் அடியில் பெரிதாகத் தெறிக்காது, காயம் திறந்து ரத்தம் வந்த இடத்தில் விழும் அடுத்த அடிதான் தெறிக்கவைக்கும். தெறிப்பு இருந்தால் ஒரு அடிக்கு மேல் என்று ஆய்வாளர் சந்தேகிக்கக் காரணம் கிடைக்கிறது. எத்தனை அடி, அடித்தவர் உயரம் என்ன, எந்தக் கை என்று துல்லியமாகச் சொல்லும் நிபுணரை மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தத் துறையில் நிச்சயமின்மை மிகப் பெரியது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கையே சொல்லியிருக்கிறது.

படி 6: உடைந்த கண்ணாடி

பின்கதவுக் கண்ணாடியை வெளியிலிருந்து உடைத்தார்களா, உள்ளிருந்தா? அடி விழுந்த இடத்திலிருந்து ஆரம் போல ஓடும் விரிசல்களை எடுத்து, உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அதில் வளைந்த கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் எந்தப் பக்கத்தைச் செங்குத்தாகத் தொடுகின்றனவோ, அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் அடி விழுந்தது. நம் கதையில் அடி உள்ளிருந்து விழுந்திருக்கிறது. வெளியே இருந்து வந்த திருடன் காணாமல் போகிறான். இது சாதாரணக் கண்ணாடிக்கு மட்டும் பொருந்தும், சிறு சிறு கட்டிகளாக நொறுங்கும் பதப்படுத்திய கண்ணாடியில் இந்த வித்தை பலிக்காது, அதனால்தான் நம் அரங்கைப் பழைய அரங்காக வைத்தேன்.

கண்ணாடி உடையும்போது துகள்கள் உடைத்தவர் பக்கமும் தெறிக்கும். கம்பளிச் சட்டையில் தங்கும். ஆனால் நடக்க நடக்க உதிர்ந்துபோகும், சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். கதைக்கு ஓட்டம் கொடுக்க இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. சட்டையைக் கண்டுபிடித்தாலும், கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் ஒத்துப்போவது, அந்தக் கண்ணாடியிலிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொல்லும், ஏனென்றால் ஒரே மாதிரிக் கண்ணாடி ஆயிரம் ஜன்னல்களில் இருக்கும்.

படி 7: கைரேகையும் டிஎன்ஏவும் தவறான வழியிலும் கூட்டிப்போகட்டும்

இரண்டுமே கதையை முடித்துவைக்கும் பொத்தான் மாதிரி பயன்படுகின்றன. அப்படிச் செய்யாதீர்கள். இவற்றின் உண்மையான வரலாறு பொத்தானைவிடச் சுவையானது.

1892-ல் அர்ஜென்டினாவில் ஒரு தாய், தன் இரண்டு குழந்தைகளையும் வேறொருவன் கொன்றுவிட்டதாகப் புகார் சொன்னாள். கதவில் இருந்த ரத்தக் கைரேகை அவளுடையது என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டாள். கைரேகையின் வெற்றிக் கதை அது. 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, அமெரிக்காவின் ஓரிகானைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞருடையது என்று எஃப்பிஐ உறுதியாகச் சொன்னது. அவர் காவலில் வைக்கப்பட்டார். பிறகு ஸ்பெயின் காவல்துறை அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. கணினி ஒரே ஒரு முகத்தைக் காட்டி மணி அடிப்பதில்லை. ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியலைத்தான் தரும், ஒப்பிட்டு முடிவு சொல்வது மனிதர், மனிதர் தவறலாம். கைரேகை எப்போது பதிந்தது என்பதும் ரேகையைப் பார்த்தால் தெரியாது. பங்குதாரரின் கைரேகை அரங்கு முழுக்க இருக்கும், அவர் தினமும் வந்துபோகும் இடம்தானே.

டிஎன்ஏவின் கதை இன்னும் அழகு. 1984-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் அந்த முறையைக் கண்டுபிடித்தார். கொலை வழக்கில் அது முதன்முதலில் செய்த வேலை, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் காப்பாற்றியது. உண்மையான கொலையாளி அதற்குப் பிறகுதான் பிடிபட்டு, 1988-ல் தண்டனை பெற்றான். உங்கள் நாயகியும் ஆய்வகத்துக்குள் முதலில் போவது ஒரு நிரபராதியை வெளியே எடுக்கவாக இருக்கட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

டிஎன்ஏ எப்படி வந்தது என்பதை டிஎன்ஏவே சொல்லாது. 2012-ல் கலிஃபோர்னியாவில் கொலையான ஒருவரின் நகத்தில் வேறொருவரின் டிஎன்ஏ கிடைத்தது. அந்த ஆள் கொலை நடந்த நேரத்தில் போதையில் சுயநினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு முதலுதவி செய்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த இடத்துக்கும் போயிருந்தார்கள். இது தெரியவருவதற்குள் அவர் பல மாதங்கள் சிறையில் கழித்துவிட்டார்.

ஜெர்மனியில் நடந்ததோ முழுக்க ஒரு சூப்பர் வில்லன் கதை. பல நாடுகளில், சுமார் 40 குற்ற இடங்களில், ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்துக்கொண்டே இருந்தது. கொலை, திருட்டு, கொள்ளை, எதிலும் அவள். 2007-ல் ஹெயில்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்திலும் அவள். அவளைத் தேடிப் பெரிய வேட்டையே நடந்தது. 2009-ல் உண்மை வெளிவந்தது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. தடயம் எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளில், அவற்றைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஏற்கெனவே ஒட்டியிருந்தது. எந்தச் சக்தியாலும் பிடிக்க முடியாத வில்லி அவள். இந்த அமைப்பை வைத்து உங்கள் சொந்தக் கதையைக் கட்டலாம்.

படி 8: ஆய்வகத்துக்கு நேரம் கொடுங்கள்

ஈரமான ரத்தத் துணியை பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும். நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் வைத்து, ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டும். கை மாறும் ஒவ்வொரு முறையும் யாரிடமிருந்து யாருக்கு, எந்த நேரத்தில் என்று பதிவாக வேண்டும். ஒரு இடத்தில் அந்தச் சங்கிலி அறுந்தால் தடயத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்புக் குறையும். மின்னல் வேகத்தில் ஓடும் நாயகன் பையை ஆய்வகத்துக்கு ஒரு நொடியில் கொண்டுபோய்விடலாம், உள்ளே நடக்கும் வேதிவினை அவனுக்காக ஓடாது. வேகம் மட்டுமே தெரிந்தவன் காத்திருக்கும் காட்சியை எழுதிப் பாருங்கள், பாத்திரம் தானாக வளரும்.

ஆய்வகத்தில் ஒரு மனிதரை வையுங்கள். நிலாவின் சக்தி அவருக்குத் தெரியும், ஆனால் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார். நிலா கோபத்தில் "நான்தான் கண்ணால் பார்த்தேனே" என்கிறாள். "நீ பார்த்ததை நான் பார்க்கும்வரை எழுத மாட்டேன்" என்கிறார் அவர். இவர்களின் உறவுதான் என் கணக்கில் இந்த வகைக் கதையின் முதுகெலும்பு, வில்லனோடு நடக்கும் சண்டை அதற்கு அடுத்துதான்.

படி 9: நீதிமன்றமும் முகமூடியும்

முகமூடி போட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை எப்படி நடக்கும்? பெயர் இல்லை, தகுதி இல்லை, கண் பரிசோதனைச் சான்று இல்லை. ஆகவே ஏற வேண்டியது ஆய்வாளர். கேமரா எடுத்த படம், இளஞ்சிவப்பான பஞ்சு, டிஎன்ஏ ரிப்போர்ட், கண்ணாடியின் விளிம்பு, முதுகில் நின்ற நிறம், அந்தரத்தில் நின்ற கை. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் சொல்லிவிடலாம், எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் சொல்வதுதான் பங்குதாரருக்குக் கஷ்டம்.

இப்போது நாம் விதைத்ததை அறுக்கும் நேரம். எவ்வளவு மூடியும், மேல்மாடித் திரையில் ஒரு நீண்ட முடி கிடைத்திருக்கிறது. அதன் டிஎன்ஏ மேலாளருடையது அல்ல, பங்குதாரருடையதும் அல்ல. சம்பவ இடத்துக்கு வந்த காவலர்கள், மருத்துவர், ஆய்வாளர் எல்லோரும் ஒப்பிட்டு நீக்குவதற்காகத் தங்கள் மாதிரியைக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "அந்த அறையில் அடையாளம் தெரியாத மூன்றாவது ஆள் இருந்திருக்கிறார்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. நிலா மாதிரியைக் கொடுத்தால் முகமூடி போய்விடும், கொடுக்காவிட்டால் கொலையாளி வெளியே போய்விடலாம். குற்றவாளிக்கு மட்டும் பொருந்தும் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்த லோகாரின் விதி அவள் மேலேயே வந்து நிற்கிறது. அவள் என்ன செய்வாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் நாயகியின் குணத்தைப் பொறுத்தது. ஆனால் கட்டடம் இடிந்து விழும் எந்த உச்சக்கட்டத்தையும்விட இந்த ஒரு பஞ்சுக் குச்சி கனமாக இருக்கும்.

படி 10: திருத்தம்

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை, படி 2-ல் எழுதிய கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரங்கள் மட்டும். விறைப்பு, நிறம், துகள் உதிர்வது, சோதனை முடிவு வருவது, எல்லாம் பொருந்துகிறதா என்று. இரண்டாவது முறை, நிலா தன் சக்தியைப் பயன்படுத்தும் வரிகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு நீதிமன்ற அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். வழக்கு நிற்கிறதா? நின்றால் அடித்த வரிகளைத் திரும்பச் சேர்த்துவிடலாம். நிற்கவில்லை என்றால் எந்தத் தடயம் அவள் கண்ணை மட்டுமே நம்பி நிற்கிறது என்று பாருங்கள், அதற்கு ஒரு கேமராவோ ஒரு சொட்டுக் கரைசலோ தேடிக் கொடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.